உடல் அசைவும் மூளையின் அடக்கமும்

ஏட்டைத் திறக்கும் மாணவன் எத்தசையை இயக்குவது, எத்தசையை அடக்குவது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் பொருட்டு மூளை அதனைச் செய்துவிடுகின்றது. அவ்விரண்டனுள் அடக்குதலே அரிய தொழில் என்பதை ஹன்டிங்டன் நோய் என்னும் பிணி தெற்றெனக் காட்டுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவிலே லோங் தீவில் வளர்ந்த ஜோர்ஜ் ஹன்டிங்டன், சிறுவனாய்த் தந்தையாருடன் வண்டியிற் சென்ற ஒருநாள், தாயும் மகளுமான இருவர் உடல் வளைந்து முகங் கோணியவாறு வழியில் வரக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பாட்டனாரும் தந்தையாரும் வைத்தியர்கள். அவ்வூர்க் குடும்பங்கள் பற்றிய அவர்தம் பட்டறிவு அவருக்குக் கைகொடுத்தது. 1872 ஆம் ஆண்டில், 22 வயதில், அவர் வெளியிட்ட கட்டுரை நோயின் இயல்பை வரையறுத்தது. அது பெற்றோர்வழி வருவது, வளர்ந்த பின்னரே தோன்றுவது, மனத்தையும் நிலைகுலைப்பது, ஒருவர் தப்பினாராயின் அவர் வழித்தோன்றல்களும் தப்புவர். மெண்டலின் பரம்பரை விதிகளை உலகம் பொருட்படுத்தாதிருந்த காலத்திலே இதனைக் கூறியமை வியத்தற்குரியது.

இனி, மூளையுள் நிகழ்வதைக் காண்போம். அதன் ஆழத்தில் அடித்தள நரம்புத் திரள்கள் உள. மூளையின் மேற்பட்டையில் எழும் இயக்கங்களுள் வேண்டியதை விடுத்து, வேண்டாததைத் தடுக்கும் வாயில் காப்போர் அவை. வாயிலைத் திறக்க ஒரு நரம்புவழியும், அடைக்க மற்றொரு வழியும் உண்டு. இந்நோயில் அடைக்கும் வழிக்குரிய நரம்புக் கலங்களே முதலில் நலிகின்றன. எனவே, ஏவப்படாத அசைவுகள் தாமே வெளிப்போதருகின்றன. விரல்கள் துள்ளும், தோள் குலுங்கும், நாவை நீட்டி நிறுத்துமாறு கூறின், அது தானே உள்ளே சென்றுவிடும். பின்னர்த் திறக்கும் வழியும் அழியவே, அசைவு குன்றி உடல் விறைக்கின்றது. உணவை விழுங்குதலும் அரிதாகின்றது. மிகையும் குறையும் ஒரே அழிவின் இரு படிகள் என்க. அசைவு பிறழ்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அப்பகுதி சருக்கரையைப் பயன்கொள்ளும் அளவு குறைவதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன.

இவ்வசைவுக்கு வைத்தியர் இட்ட பெயர் கோரியா. கிரேக்க மொழியில் ஆடல் என்பது பொருள். இப்பெயர் எனக்கு உவப்பானதன்று. ஆடுவோன் தாளத்துக்கு அடங்கி ஆடுகின்றான். நோயாளியோ தன் விருப்பின்றி ஆட்டுவிக்கப்படுகின்றான். அவனைக் குடிவெறியன் என்று பிறர் எள்ளுவதும் உண்டு. தசையை இழுக்கும் மூளை மனத்தையும் வாட்டுகின்றது என்பதை அவர் அறியார்.

நோயின் வேர் நான்காம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகில் உளது. அங்கே மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அடுக்கி வருகின்றது. நம் இலக்கண நூலார் அடுக்குத்தொடருக்கு நான்கு என எல்லை வகுத்தனர். இவ்வடுக்கு 35 வரை வரினும் நோயில்லை. 36 முதல் 39 வரை ஐயத்துக்கிடம். 40 ஐ எட்டின், உரிய ஆயுள் வாழ்வார்க்குத் தப்புதல் அரிது. பெற்றோருள் ஒருவர்க்கு இது உளதாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்புச் சரிபாதி.

வெனிசுவேலா நாட்டின் மரக்கைபோ ஏரிக்கரையில் இந்நோய் மலிந்த பெருங் குடும்பங்கள் உள. அமெரிக்க உளவியலாளரான நான்சி வெக்சிலர் ஆண்டுதோறும் அங்கு சென்று அவர்தம் வழிமரபைப் பதிந்து, குருதியும் சேகரித்தார். அதன் பயனாக 1983 இல் நிறமூர்த்தமும், 1993 இல் அந்த அலகும் அறியப்பட்டன. அசைவுகளைத் தணிக்கும் மருந்து உண்டு; வேரறுக்கும் மருந்து இன்னும் கைவரவில்லை. ஆனால் இளமையிலேயே குருதியைச் சோதித்து வருங்காலத்தை அறிதல் கூடும். அறியலாமா, அறியாதிருக்கலாமா? நோய்க்குடும்பத்துப் பிறந்தோர் பலர் அறியாதிருப்பதையே தெரிகின்றனர். வெக்சிலரின் தாயாரும் இந்நோயால் 1978 இல் இறந்தவர். சோதனைக்கு வழிவகுத்த அவ்வம்மையார் தாம் அதனைச் செய்துகொள்ளவில்லை. தமக்கும் நோய் உளதென்பதை 2020 இல், தம் எழுபதுகளில், வெளிப்படக் கூறினார்.