கோல் தாங்கும் பித்தளை



வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளின் சில்லறை உறுப்புகளை யந்திரமின்றிக் கைக்கருவிகளால் செய்துகொள்வது எங்ஙனம் என்று கேட்டிருந்தாய். 18-ஆம் நூற்றாண்டில், பென்ஸில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் தொழிலாளர் செய்து, பிற்காலத்தில் கெண்டக்கி என்று வேற்றூர்ப் பெயரால் பிரசித்தமான நீண்ட துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதில் மருந்தைப் பற்றவைக்கும் பூட்டை அவர்களிலேயே பலர் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்காக வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே நீ கெட்டிக்கும் கோலைத் தாங்குகிற சிறு பித்தளைக் குழலிலிருந்து தொடங்குவதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை.

மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, கரியடுப்பில் மங்கிய சிவப்பேறும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடு. இரும்போடு பழகியவனுக்கு இது விபரீதமாகத் தோன்றும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கண்ணாடிபோல் விறைக்கும், பித்தளையோ இளகிப் பணியும். இதை நிழலில்தான் செய்யவேண்டும். வெயிலில் உட்கார்ந்து, சிவப்பு இன்னும் வரவில்லையே என்று மேலும் மேலும் ஊதி, தகட்டின் ஓரம் உருகிச் சுருண்டதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

இளகிய தகட்டைக் கோலின் பருமனுள்ள எஃகுக் கம்பியின்மேல் வளைத்து, இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வைஸில் இறுக்கினால், குழலும் அதன் அடியில் காதுபோன்றதொரு பட்டையும் அமையும். மரத்தில் பள்ளமெடுத்து அப்பட்டையைப் புதைத்து, குறுக்கே ஆணி செலுத்துவார்கள். பாதி வளைவிலேயே தகடு முரண்டினால், மரச்சுத்தியை ஓங்காதே, மறுபடி காய்ச்சு. தட்டத் தட்ட விறைப்பது பித்தளையின் சுபாவம்.

குழலை அராவிச் சீராக்குமுன் அரத்தில் சாக்கட்டி பூசிக்கொண்டால் பற்களில் பொடி அடைக்காது. முன்னே தள்ளும்போது அழுத்து. பின்னே இழுக்கையில் தூக்கிவிடு. வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர் துப்பாக்கி முழுவதையுமே கையால் செய்ததை 1969-இல் வெளிவந்த திரைப்படமொன்றில் காணலாம். கிடைத்தால் அவர் அரம் பிடிப்பதை மட்டும் கவனித்துப் பார்.

கடைசியாக, குழலை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரியேற்றி, பள்ளத்தில் அழுத்தி எடு. மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் சுரண்டு. மீண்டும் கரியேற்று, மீண்டும் அழுத்து. இருபது முறையானாலும் ஆகட்டும்.