கல்லூரியை இரவில் போய்ப் பாருங்கள்

ஜொகூரில் பிள்ளைக்குக் கல்லூரி தேடும் பெற்றோர், படிப்பின் தரத்தையும் கட்டணத்தையும் நாலு பேரிடம் விசாரித்து முடித்த பின்னர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே பிள்ளைகள் குடித்துக் கூத்தடிக்கிறார்களாமே?" எங்கள் மகளுக்கு இடம் தேடியபோது என் மனைவியும் இதையேதான் கேட்டாள். அந்த அச்சத்தை நான் அற்பமென்று ஒதுக்கமாட்டேன். மது வாங்குவதற்குரிய வயதை 2017இல் அரசாங்கம் 21ஆக உயர்த்திவிட்டதென்றாலும், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மூத்த சிநேகிதன் ஒருவன் வாங்கிக் கொடுப்பதைச் சட்டம் அறைக்குள் வந்து தடுத்துவிடப் போவதில்லை.

ஆயினும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விஸ்தாரமான வளாகத்தையும், இஸ்கண்டார் புத்திரியில் சவுத்தாம்ப்டன், நியூகாசல் போன்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கிளைகளையும் சுற்றிப் பார்த்து, அங்கே படிக்கும் நம் பிள்ளைகளோடு பேசிய பின்னர், என் கவலை வேறு திசையில் திரும்பிற்று. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "பார்ட்டிக்குப் போறதும் போகாததும் நம்ம கையில இருக்கு அங்கிள். ஹாஸ்டல்ல இடம் கிடைக்கலன்னா வெளியில வாடகை வீடுதான். லேப் முடிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்குத் தனியா மோட்டார்ல வர்றதுதான் பயமா இருக்கு."

2025 ஜூன் 9ஆம் தேதி, பேராக்கின் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்ட செய்தியைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது. கேளிக்கைக்குப் போன பிள்ளைகளல்லர் அவர்கள்; விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

ஆகையால் பெற்றோருக்கு என் அபிப்பிராயம் இதுவே. வரவேற்பு நாளின் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரு வாரநாள் இரவிலும் போய், நூலகத்திலிருந்து விடுதி வரை பிள்ளையோடு நடந்து, விளக்குகள் எரிகின்றனவா, வளாகப் பேருந்து எத்தனை மணி வரை ஓடுகிறது என்று நேரில் பாருங்கள். இரண்டாம் ஆண்டிலும் விடுதியில் இடம் உண்டா என்பதைத் தெளிவாகக் கேட்டறியுங்கள். இல்லையென்றால் மாணவர் குடியேறும் தாமான்களையும் சுற்றி வாருங்கள். பாலியல் தொல்லை குறித்த புகாரை யார் வாங்குகிறார், வாங்கிய பின் என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் இதற்கெனத் தனித் தீர்ப்பாயமே இருக்கையில், அதிகாரி பதில் சொல்லத் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளிடம் நாங்கள் பேசி முடிவுசெய்தது ஒன்றுண்டு: எங்கே, யாரோடு, எந்த நிலையில் இருந்தாலும், நடுநிசியானாலும், அவள் அழைத்தால் நான் காரை எடுத்துக்கொண்டு வருவேன், வீடு சேர்ந்து, தூங்கி எழுந்து, காலைப் பசியாறும் வரை நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டோம்.