விசிலடிக்கும் தம்பிகளுக்குப் பழைய ரசிகன் சொல்வது

தம்பி, தங்கச்சி, நீங்கள் யாருடைய ரசிகர் என்று நான் கேட்கப்போவதில்லை. யாராக இருந்தாலும் சரி. புதிதாகக் கொடி பிடிக்க வந்திருக்கிறீர்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடித்துத் தொண்டை கட்டியவன் என்ற தகுதியில் சில விஷயங்கள் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எதிர் முகாமின் படத்தையும் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5-ஆம் தேதி, ரஜினியின் 'தளபதி'யும் கமலின் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. எங்கள் தெருவில் ரஜினி ஆட்களுக்கு ஒரு டீக்கடை, கமல் ஆட்களுக்கு எதிர்க் கடை. இந்தக் கடை டேப் ரெக்கார்டரில் 'ராக்கம்மா' ஓடினால் அந்தக் கடையில் 'கண்மணி'யைச் சத்தம் கூட்டி வைப்பார்கள். கைகலப்பு வரை போனதுண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு படத்துக்கும் இசை இளையராஜா, இரண்டுக்கும் பாட்டு வாலி. ஒரே ஆர்மோனியத்தில் பிறந்த பாட்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாக நின்றிருந்தோம்! அன்றைக்குக் கல்லா நிறைந்தது 'தளபதி'க்குத்தான். 'குணா' அவ்வளவாகப் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. 'குணா' எடுக்கப்பட்ட கொடைக்கானல் குணா குகைக் குழியில் விழுந்த நண்பனைக் கேரளத்துப் பையன்கள் மீட்ட கதை, 2006-இல் நிஜமாகவே நடந்தது. படத்தில் அந்தக் 'கண்மணி' பாட்டு எழுந்த இடத்தில் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அலறின. அலறியவர்களில் பாதிப் பேர் 'குணா' வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். என் பக்கத்து சீட்டில் கைதட்டிய நரைத்த தலைக்காரர் அந்தக் காலத்தில் எந்தக் கடையில் டீ குடித்தவரோ!

2. ஆகவே, படம் வந்த முதல் வாரத்தில் அதற்குக் கடைசித் தீர்ப்பு எழுதாதீர்கள். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அப்போது ஓடவில்லை. இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடாத ஆள் உண்டா?

3. வசூல் கணக்கு உங்கள் வேலை இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை இதில்தான். 100 கோடி என்று போஸ்டரில் போட்டால் அது கிராஸ். ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி எல்லாம் போக நிற்பது நெட். அதைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் வாரத்துக்கு வாரம் மாறும் விழுக்காட்டில் பிரித்துக்கொள்கிறார்கள். விநியோகஸ்தர் கைக்கு வருவதுதான் ஷேர். அவர் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கொடுத்து வாங்கினாரா, அட்வான்ஸ் மட்டும் கொடுத்தாரா என்பதைப் பொறுத்து ஒரே வசூல் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். இவ்வளவும் தெரிந்த கணக்குப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டார். திறக்கிறவருக்குத் தெரிந்திருக்காது. 2002-இல் 'பாபா' போகாதபோது நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினியே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கொடுத்தார், வாங்கினவர்கள் வாங்கினார்கள். நடுவில் நாம் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு திரிய வேண்டும்? அதே 'பாபா'வை 2022 டிசம்பரில் சுருக்கித் திரும்ப விட்டபோது போய்ச் சிரித்துப் பார்த்துவிட்டு வந்தோம். நம் வேலை அது.

4. அப்டேட் கேட்டு ஊரைக் கூட்டாதீர்கள். அஜித் நடித்த 'வலிமை' படத்துக்கு அப்டேட் கேட்ட கதை தெரியும்தானே? அரசியல் கூட்டத்தில் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது பவுண்டரி ஓரம் நின்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் மொயீன் அலியிடம்கூடக் கேட்டார்கள். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கடைசியில் அஜித்தே வருத்தப்பட்டு அறிக்கை விட்டார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்மால் நம் ஆளே தலைகுனிந்தால் அது என்ன ரசிகத்தனம்?

5. உங்கள் ஆள் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அதே அஜித் 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல் 'தல' பட்டத்தையும் வேண்டாம் என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்கிற மனிதரை வம்புக்குக் கடவுளாக்குவது அவர் சொல்லை மீறுவதுதானே தவிர, மரியாதை இல்லை.

6. முதல் நாள் முதல் காட்சிக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். அந்தச் சத்தத்துக்குள் உட்காராத பிறவி என்ன பிறவி! லாட்டரிச் சீட்டு இருந்த காலத்தில் விழாத சீட்டையெல்லாம் மூட்டையாகச் சேர்த்துவைத்து, தலைவர் முகம் தெரிந்த நொடியில் கிழித்து வீசுவோம். 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபிறகு பழைய பேப்பர். மறுகாட்சிக்குப் பெருக்குகிற அம்மாவுக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது எங்கள் செட்டின் வழக்கம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்-அவுட் சாரத்தில் ஏறாதீர்கள், வண்டி மேல் ஏறி ஆடாதீர்கள். 2023 ஜனவரி 11-ஆம் தேதி 'துணிவு' நள்ளிரவுக் காட்சிக்கு வந்த ஒரு பிள்ளை, சென்னையில் லாரியிலிருந்து கீழே விழுந்து போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் அக்டோபரில் 'லியோ' வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். அதிகாலைக் காட்சி போய்விட்டதே என்று புலம்புகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கட்-அவுட்டுக்கு ஊற்ற வாங்கிய பால் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

7. பெரிய எழுத்தில் வரும் பெயரைத் தாண்டியும் படியுங்கள். 'சூப்பர் ஸ்டார்' என்று ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் டைட்டில் இருக்கிறதே, அது முதலில் வந்தது 1992-இல் 'அண்ணாமலை'யில். அந்தப் படத்துக்கு இசை தேவா. இத்தனை வருஷமாக அதற்கு எழுந்து நின்று ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு தேவா ஞாபகம் வருகிறது? எடிட்டர் யார், சண்டைப் பயிற்சி யார், சவுண்ட் யார் என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால் அடுத்த படத்தில் நீங்கள் ரசிக்க நாலு ஆள் கூடுவார்கள். இதற்குக் காசும் கிடையாது.

8. வாக்கெடுப்பில் ஜெயித்தால் ரொம்ப ஆடாதீர்கள். 2002-இல் பிபிசி உலக சேவை, உலகத்துக்குப் பிடித்த பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. 'ராக்கம்மா'வுக்கு நாலாவது இடம். முதலிடம் அயர்லாந்து விடுதலைப் பாட்டு, இரண்டாவது வந்தே மாதரம், மூன்றாவது பாகிஸ்தானின் நாட்டுப்பற்றுப் பாட்டு. எந்த ஊர்க்காரர்கள் ராத்திரி பகலாக ஓட்டுப் போட்டார்கள் என்று பட்டியலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ராக்கம்மா' அந்த நாலாவது இடத்தைவிடப் பெரிய பாட்டு என்பது என் கட்சி. அதற்கு ஓட்டு எதற்கு?

9. யாரோ செத்துப்போனார் என்று செய்தி வந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். உயிரோடு இருக்கிற பின்னணிப் பாடகிக்கு இரங்கல் சொல்லி, அந்த அம்மாவின் வீட்டார் மறுப்புச் சொல்ல வேண்டி வந்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. முந்திக்கொண்டு அழுதவருக்கு யாரும் பரிசு தருவதில்லை.

10. கதையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சாணித்தாள் மாதிரிக் காகிதம், மை கையில் ஒட்டும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். கதாநாயகி காணாமல் போன இடத்திலோ, அண்ணன் மேல் பழி விழுந்த இடத்திலோ கதையை நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். போட்டவர் வியாபாரி, அவருக்கே அந்த நாகரிகம் இருந்தது. நீங்களும் இடைவேளைக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவைத்திருக்கிறேன்.