ஃபில்டர் பெரிதானால் போதுமா?

நம்பிக்கை: பெரிய ஃபில்டரைப் பொருத்திவிட்டால் கடல்நீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேராது.

உண்மை: ஃபில்டர் கழிவின் உருவத்தைத்தான் மாற்றுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்தாலே நைட்ரேட் ஏறத்தான் செய்யும். ஆனாலும் நைட்ரேட் வெளியேற ஒரு வாசல் உண்டு. தொட்டியிலுள்ள கல்லின் ஆக்சிஜன் எட்டாத உட்புறத்திலும் ஆழமான மணலடியிலும் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பேட்டுக்கு அந்த வாசலே கிடையாது. தீனியோடு உள்ளே வந்த பாஸ்பரஸை நாம் வெளியே எடுத்தால்தான் உண்டு. வடிகட்டும் துணிப்பையை உருவிப் பாருங்கள்: தீனித் துணுக்கும் எச்சமும் பழுப்புக் கூழாகப் படிந்திருக்கும், தொட்டித் தண்ணீர் முழுக்க அதற்குள் புகுந்துதான் வருகிறது. தண்ணீர் பளிச்சென்று தெரிந்தாலும், கூழ் அழுக அழுகப் பாஸ்பேட் தொட்டிக்கே திரும்புகிறது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அலசாத பை உரக்குழிதான். புரோட்டீன் ஸ்கிம்மரும் கரைந்த நைட்ரேட்டையோ பாஸ்பேட்டையோ பிடிக்காது. கழிவு அழுகுவதற்கு முன்பே அதை நுரையோடு வெளியேற்றுவதே அதன் பயன்.

தண்ணீரை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நைட்ரேட் 50 பிபிஎம் உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அது 40 ஆகும், அவ்வளவுதான். பாஸ்பேட் அந்த அளவுக்குக்கூட இறங்காது. சுண்ணாம்புக் கல்லும் மணலும் முன்பே பிடித்துவைத்திருந்த பாஸ்பேட், தண்ணீரில் அளவு குறைந்ததும் கரைந்து வந்து இடத்தை நிரப்பிவிடும். பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு ஆக்சைடு குருணை போட்ட பிறகும் அளவு மறுபடி ஏறினால், குருணையைக் குறை சொல்வதற்கு முன் கல்லைச் சந்தேகியுங்கள்.

நம்பிக்கை: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருந்தால் தொட்டியில் வளர்க்கும் பவளத்துக்கு நல்லது.

உண்மை: பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு இரண்டுமே உணவு. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் வற்றிய நீரில் பவளங்கள் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளிறிப்போகின்றன என்பதை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். பவளப்பாறைகள் உள்ள கடலில் இரண்டும் மிகக் குறைவுதானே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நீரோட்டம் மிதவை உயிரிகளை ஓயாமல் இரையாகக் கொண்டுவருகிறது. தொட்டியில் அந்த வரத்து இல்லை. அதனால் கருவியைப் பெரிதாக்குவதற்கு முன் தீனியை அளந்து போடுங்கள், பையை அலசுங்கள், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாராவாரம் அளந்து குறித்துவையுங்கள். அளவு கூடியிருந்தால் மெதுவாகவே இறக்குங்கள். பவளம் திடீர் மாற்றத்தைத் தாங்காது.