கிழட்டுக் கிணற்றுக்கு ராயல்டி தள்ளுபடியா?

கேள்வி: வற்றிவரும் கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு அமெரிக்க அரசு ராயல்டியைக் குறைக்கிறதாமே, முதலாளிகளுக்குச் சலுகையா?

பதில்: சலுகைதான். ஆனால் ராயல்டி லாபத்தில் பங்கல்ல. செலவைப் பாராமல் எண்ணெயின் மதிப்பில் அரசு எடுப்பது. மெக்சிகோ வளைகுடாவில் எட்டில் ஒரு பங்கு கட்டும் பழைய குத்தகைகள் உண்டு. கிணற்றுக்கு வயதானால் எண்ணெய் குறைந்து தண்ணீர் ஏறும். மேடை, ஹெலிகாப்டர், ஆள் செலவு குறையாது. உதாரணமாக, 100 ரூபாய் எண்ணெய்க்கு 85 செலவு, 12.50 ராயல்டி, மிச்சம் 2.50. செலவு 88 ஆனால் மூடிவிடுவார்கள், அரசுக்கும் பூஜ்யம். அதனால்தான் இந்தச் சலுகை: செலவுபோக நிற்பதில் முக்கால் பங்குக்கு மேல் ராயல்டியே தின்கிறது என்று கணக்குக் காட்டினால் விகிதம் பாதியாகலாம். பிரிட்டனோ 2003இல் ராயல்டியையே ஒழித்துவிட்டது! என் சந்தேகம் வேறு: கிணற்றை அடைத்து மேடையைப் பிரிக்கும் பெருஞ்செலவும் இதனால் தள்ளிப்போகிறதே, அதற்குள் கம்பெனி திவாலானால்?