ரப்பர் பலகையில் ஒரு வாங்கு

யட்டியாந்தோட்டை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமைத் தச்சுப் பட்டறையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோசம். முதல் வேலையாகப் பேனாத் தாங்கி செய்யச் சொல்கிறார்கள், உனக்கோ அலுமாரி செய்ய ஆசை. இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. பேனாத் தாங்கி பரிசளிப்பு விழா மேசையில் ஒருநாள் நிற்கும், பிறகு வீட்டில் தூசி பிடிக்கும். அலுமாரிக்குக் கதவு, கீல், பின்பலகை என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். உளி பிடித்துப் பழகாத கைக்கு அது தாங்காது. நம் காம்பராவில் அடுப்படிப் பக்கம் அப்பாயி உட்கார என்ன இருக்கிறது? கவிழ்த்துப் போட்ட தகர டின்தானே? ஒரு சின்ன வாங்கு செய்.

வீட்டுக்கு வேண்டியதையே செய்து பழகுவது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1910இல் தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பர்க்குக்கு வெளியே 1,100 ஏக்கரில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். நிலத்தைக் கொடுத்தவர் அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக், கட்டடக் கலைஞர். காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நாடு அது. இங்கே தோட்டங்களுக்கு வந்த நம் கதைக்குப் பக்கத்துக் கதை. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தச்சு வகுப்பு நடந்தது. காலன்பாக்குக்கு வேலை தெரியும், பண்ணையில் இன்னொருவருக்கும் தெரியும். பண்ணைக்கு வேண்டிய வாங்கு, பெட்டி எல்லாம் அங்கேயே செய்துகொண்டார்கள். பிள்ளைகள் செய்யும் எந்த வேலையிலும் ஆசிரியரும் கூட நின்று செய்ய வேண்டும் என்பது காந்தி வைத்த விதி. உங்கள் பட்டறை பாஸ் உங்களோடு சேர்ந்து இழைப்புளி தள்ளுகிறாரா, இல்லை கதிரையில் இருந்துகொண்டு சொல்லிக் கொடுக்கிறாரா என்று பார். தள்ளுகிறவர் என்றால் அவரை விடாதே.

இனி மரம். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹா பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்த கன்றுகளிலிருந்துதான் இலங்கையில் ரப்பர் பரவியது. நம் பெரியவர்கள் அதைப் பால் மரமாகவே பார்த்தார்கள். முப்பது வருசத்துக்குக் கிட்டப் பால் வெட்டி ஓய்ந்த மரம் விறகாகப் போகும். “ரப்பர் பலகை உளுத்துப்போகும்” என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். சொல்வதில் பாதி உண்மை. அந்த மரத்தில் மாச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைத்து மாவு மாதிரித் தூள் கொட்டும். ஆனால் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் தளபாடத்துக்கு நல்ல மரம் அது. ஆகவே பலகை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மருந்து ஏற்றியதா, உலர்த்தியதா என்று கேள். ஈரப் பலகையில் செய்த பொருத்து, காய்ந்ததும் கழன்று ஆடும். அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகும் என்பதால், வாங்கை மழைச் சாரல் அடிக்கும் இஸ்தோப்பில் போட்டு வைக்காதே.

வாங்குக்கு நான்கே துண்டு போதும்: மேல்பலகை, காலாக நிற்கும் இரண்டு பலகை, அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம். முழு வித்தையும் அந்தச் சட்டத்தில்தான். அதன் இரு முனையையும் நாக்காகச் சீவி, கால் பலகையில் போட்ட துளை வழியே வெளியே வரவிட்டு, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். பென்சில் கோடு தடிப்பு. கத்தி முனையால் கீறு. வாள் கோட்டின் மேல் போகக் கூடாது, கழிவுப் பக்கமாகவே போக வேண்டும். துளையை ஒரே பக்கத்திலிருந்து உளியால் வெட்டினால் மறுபக்கம் பிய்ந்துவிடும். பாதி வெட்டிப் பலகையைப் புரட்டி மீதியை வெட்டு. நாக்கு, கையால் அழுத்தப் பாதி நுழைந்து, கொட்டாப்புளியால் தட்ட மீதியும் போனால் சரி.

ஆப்பு விசயத்தில் அவசரப்படாதே. கால் பலகையின் இழை மேலும் கீழுமாக ஓடும். ஆப்பு அதற்குக் குறுக்கே கிடக்க வேண்டும். இழையோடு சேர்த்து அடித்தால் கால் இரண்டாகப் பிளக்கும். அதனால் நாக்கில் ஆப்புக்கான வெட்டையும் குறுக்கேதான் போட வேண்டும். ஆப்புக்குப் பலாத் துண்டு கேட்டுப் பார்; வெளிறிய ரப்பர் பலகையில் அந்த மஞ்சள் எடுப்பாகத் தெரியும். பலா மரத்தை அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது என்று 1951இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் எந்தத் தச்சுக் கடையிலும் கழிவுத் துண்டு கிடக்கும்.

உயரம் எத்தனை அங்குலம் என்று கேட்டிருந்தாய். அதைப் புத்தகத்தில் பார்க்காதே. அடுப்படியில் செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை வைத்து அப்பாயியை உட்காரச் சொல். கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா, அடுப்புக்குக் கை எட்டுகிறதா என்று பார். முடியாவிட்டால் கல்லைக் கூட்டிக் குறைத்துப் பார். இரண்டும் சரியாக வரும் இடத்தில் நிலத்திலிருந்து பலகையின் மேல்முகம் வரை அளந்து, மேல்பலகையின் தடிப்பைக் கழித்து, மீதியைக் கால் பலகையில் குறி.

அன்புடன்,
பெரியப்பா