இம்மாதப் பாடம்: எக்ஸ்ரே படத்தில் இதய நோயைத் தேடும் கம்ப்யூட்டர்



திருக்கோவிலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "ரெண்டு குடம் தண்ணி தூக்கினாலே மூச்சு இரைக்குது. வயசாகுதுல்ல, அதான்" என்றார். அவருக்கு வயது 38. "எங்களுக்கும் அப்படித்தான்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. வாய்க்கால் மதகு போல இவை திறந்து மூடி, ரத்தத்தை ஒரே பக்கமாக விடுகின்றன. மதகு சுருங்கினாலோ ஒழுகினாலோ ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், மூச்சு வாங்கும். சிறு வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெடும். பல வருடம் தெரியாமலே இருந்து, கர்ப்ப காலத்தில் வெளிப்படுவதும் உண்டு.

வால்வை நேராகப் பார்க்க எக்கோ ஸ்கேன் வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. எக்ஸ்ரே சுலபமாகக் கிடைக்கும். அதில் இதயத்தின் நிழல் மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் போனால், இதயம் பெருத்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுவார். ஆனால் வால்வுக் கோளாறின் அடையாளம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது. களை எடுக்கப் பழகியது நினைவிருக்கிறதா? முதலில் நெல் எது, புல் எது என்று புரியாது. பெரியவங்க காட்டக் காட்ட, தப்புப் பண்ணிப் பண்ணி, கண் பழகிவிடும். 'நியூரல் நெட்வொர்க்' என்ற கம்ப்யூட்டர் முறையும் அப்படித்தான் பழகுகிறது. ஜப்பானில் ஒசாகா ஆராய்ச்சியாளர்கள் 16,946 நோயாளிகளின் 22,551 எக்ஸ்ரே படங்களையும், அவற்றுக்கான எக்கோ முடிவுகளையும் பயன்படுத்தி இப்படி ஒன்றை உருவாக்கிச் சோதித்தார்கள். எக்ஸ்ரேயை மட்டும் வைத்தே வால்வு நோயைப் பெரும்பாலும் சரியாக அது பிரித்துக் காட்டியதாக 2023-ல் வெளியிட்டார்கள். காசநோய்க்கும் இதே வழி உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டோரின் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டரும் தவறு செய்யும். அது சந்தேகத்தைச் சொல்லும். எக்கோ உறுதி செய்யும். சிகிச்சையை டாக்டர்தான் முடிவு செய்வார். எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும், நாம் போய் நின்றால்தானே படம் எடுக்கும்? வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிட்டு, நமக்கு மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறோம்.

அந்த உறுப்பினரை மறுநாளே மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். துணைக்குக் குழுத் தலைவி போனார்.

செய்ய வேண்டியவை:
• மூச்சு இரைப்பு, கால் வீக்கம், படபடப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.
• பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் கை வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள்.
• கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.
• திடீர் நெஞ்சுவலி என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் "வயசாகுது" என்று சொல்லி வலியை மறைப்பவர் யார்? அவருடன் துணைக்குப் போகப்போவது யார்?